உள்ளே பிலிம் இல்லைங்கம்மா

வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. தெருக்கோடியில் பெயின்ட் உரிந்த மாடி வீடு. வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே நுழைந்ததும் இருட்டு, பல நாள் மூடிக்கிடந்த அலமாரியின் வாடை. எல்லா ஜன்னலையும் சாத்தி வைத்திருந்தார்கள்.

விற்பனை விளம்பரம் போட்டவர் ஓய்வுபெற்ற டீச்சர். விற்பது இறந்துபோன மகனுடைய கேமரா. பிலிம் போட்டு எடுக்கும் பழைய ரேஞ்ச்ஃபைண்டர். மடியில் வைத்துக்கொண்டு, கொடுக்க மனசில்லாமல் தடவினார்.

"இதை இயக்கத் தெரியுமாம்மா?"

"தெரியும்."

"போன் மாதிரி இல்ல இது."

"டிகிரி முடிச்சிருக்கேங்க."

கேமராவுக்கும் டிகிரிக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனால் படித்தவர்கள் வீட்டுப் பிள்ளை 'தெரியாது' என்றால் அது அடக்கம். எங்கள் வீட்டில் முதல் டிகிரி நான்தான். நான் சொன்னால் 'அதானே பார்த்தேன்' என்பார்கள். அந்த முகத்தை நிறையப் பார்த்தாயிற்று.

"உள்ள பிலிம் இருக்கும்" என்றார். "அவன் கடைசியா எடுத்தது. கெடுத்துடுவேனோன்னு நான் கையே வைக்கல. நீ கழுவி, படத்தை மட்டும் எனக்குக் குடுத்துடும்மா. விவரம் தெரிஞ்சவங்க கைக்குத்தான் போகணும்னு வந்தவங்களையெல்லாம் திருப்பி அனுப்பிட்டேன்."

தலையாட்டிவிட்டு, பணத்தைக் கொடுத்துக் கேமராவை வாங்கிக்கொண்டேன்.

பஸ்ஸில் ஜன்னலோர சீட். பிலிம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? பின்மூடியைத் திறந்தேன். பழுப்பு நிற நாடா பளபளத்தது. அதன்மேல் முழு வெயில்.

வெளிச்சம் பட்டால் பிலிம் போய்விடும் என்பது அப்புறம்தான் உறைத்தது. படித்ததெல்லாம் எனக்கு அப்படித்தான். பரீட்சை எழுதி வெளியே வந்த பிறகு ஞாபகம் வரும்.

சாயங்காலமே போன் செய்துவிட்டார்.

"பிலிம் இருந்துதாம்மா?"

"உள்ள பிலிமே இல்லைங்கம்மா."



"அப்படியா? அவன் எப்பவும் போட்டுத்தான் வச்சிருப்பான்... சரி, விடும்மா."

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அந்த 'சரி, விடும்மா' நெஞ்சில் முள்ளாக நின்றது. பிலிமைச் சுருட்டி எடுத்து, பழைய சாக்ஸுக்குள் திணித்து, டிராயரில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை புது பிலிம் போட்டேன். இந்தக் கேமராவில் கண் வைக்கும் துளைக்கு நடுவே மஞ்சளாக ஒரு சின்னக் கட்டம். அதற்குள் மட்டும் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருகினால் இரண்டு உருவமும் நகர்ந்து வந்து ஒன்றாகும். ஒட்டிக்கொண்டால் படம் துல்லியம். ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று வளையத்திலேயே எழுதியிருக்கும்.

அம்மா ஜன்னலடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வளையத்தைத் திருகினேன். இரண்டு அம்மாவும் ஒரே அம்மா ஆனாள்.

அவளுக்குப் பின்னால் ஒன்று மட்டும் ஒட்டவில்லை.

ஒரு தோள். ஒரு காது. சுவரோரம் மங்கலாக, இரண்டிரண்டாக.

கண்ணை எடுத்தேன். வெறும் சுவர்.

"என்னடி முழிக்கறே? படம் புடிக்கறியா, பேய் ஓட்டறியா?"

"பின்னாடி யாராவது நிக்கறாங்களாம்மா?"

"உங்கப்பனா? உயிரோட இருக்கறப்பவே அந்த மனுஷன் பக்கத்துல வந்து நின்னதில்ல. இப்ப எங்க வரப்போறார்?"

சிரித்தேன். மறுபடி கண்ணை வைத்து, அந்த உருவம் ஒன்றாகும்வரை திருகினேன். இளைஞன். முகம் தெரியவில்லை. வளையம் ஐந்து மீட்டர் என்றது.

அடுத்த வாரம் மொட்டைமாடியில் எடுத்தேன். அதே இளைஞன், மூன்று மீட்டர்.

ஆபீஸில், மதிய வெளிச்சத்தில், காலி நாற்காலியைப் பார்த்துத் திருகினேன். இரண்டு.

டீச்சர் வீட்டின் அதே அலமாரி வாடை.

அன்றைக்கே சாக்ஸிலிருந்த பிலிமை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு ஓடினேன். கழுவி முடித்தவர் நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"திறந்துட்டீங்களா? ரோல் முழுக்கக் கரிக்கட்டை" என்றார். "ஒண்ணே ஒண்ணு மட்டும் பொழச்சிருக்கு. ஆனா இது... நீங்கதானே?"

பிரிண்ட் போட்டுத் தந்தார்.

நான்தான். பஸ் ஜன்னல் வெயிலில், குனிந்து, வாயைப் பிளந்துகொண்டு எதையோ எட்டிப் பார்க்கிறேன். நெற்றிக்கு மேல் தலை வெட்டுப்பட்டிருந்தது. நாலு பக்கமும் கறுப்புச் சட்டம்போல கேமராப் பெட்டியின் உள்விளிம்பு.

"இந்தக் கோணத்துல எப்படிங்க எடுத்தீங்க?" அவர் சிரித்தார். "கேமராவுக்குள்ள எவனாவது உட்கார்ந்து எடுத்தாத்தான் உண்டு."



நேராக டீச்சர் வீட்டுக்குப் போனேன். அதே ஹால், அதே இருட்டு. கேமராவையும் படத்தையும் மேஜையில் வைத்தேன்.

"பொய் சொன்னேங்க. பிலிம் இருந்துச்சு. எனக்கு ஒண்ணும் தெரியாது. வெயில்ல திறந்துட்டேன். உங்க பையன் எடுத்ததெல்லாம் போச்சு."

ரொம்ப வருஷத்துக்குப் பிறகு 'எனக்குத் தெரியாது' என்று சொன்னேன். அவர் 'அதானே பார்த்தேன்' என்று சொல்லவில்லை. கோபப்படவும் இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தையே பார்த்தார். நெற்றிக்கு மேல் வெட்டுப்பட்ட இடத்தில் அவர் விரல் நின்றது.

"இது அவன் எடுத்ததுதான். கிட்டத்துல எடுத்தா எப்பவும் தலையை வெட்டிடுவான். எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

"இல்லைங்கம்மா, இது நான் பஸ்ல..."

அவர் கேட்கவில்லை. கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்து என் பக்கம் திருப்பினார். ஹாலின் அந்தக் கோடியில் அவர், இந்தக் கோடியில் நான். வளையத்தை மெதுவாகத் திருகினார். கிர்ர்... கிர்ர்... என் தூரத்தைத் தாண்டி, இன்னும் கிட்டத்துக்குத் திருகினார். இதற்குமேல் திரும்பாது என்று அது முட்டி நிற்கும்வரை திருகினார்.

அவர் முகம் மலர்ந்தது.

"கொஞ்சம் தள்ளு" என்று கிசுகிசுத்தார்.

நாற்காலியை நகர்த்தினேன்.

"உன்னைச் சொல்லலம்மா" என்றார், கண்ணை எடுக்காமல். "அவன்தான் உன்னை மறைச்சுக்கிட்டு நிக்கறான்."