நன்றாக இருப்பவள்

"நேத்து மாதிரி சிரிச்சுப் பேசேன்டி. இன்னைக்கு ஏன் குரல் கிணத்துக்குள்ளேருந்து வருது?" என்றாள் அம்மா.

விடுதிக் கட்டிலில் படுத்திருந்த மகள் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்து ஒரு கணம் வெறித்துப் பார்த்தாள். நேற்று அவள் அம்மாவோடு பேசவில்லை. முந்தாநாளும் இல்லை. அம்மா கூப்பிடும்போதெல்லாம் கைப்பேசியைத் தலையணைக்கடியில் தள்ளிவிட்டு, அது அதிர்ந்து அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கத் தொடங்கிப் பதினோரு நாளாகிறது. இன்றைக்குத்தான் எப்படியோ துணிந்து எடுத்திருந்தாள்.

"நேத்தா?"

"ஆமா, அரை மணி நேரம் பேசினியே. எல்லாப் பரீட்சையும் நல்லா எழுதிட்டேன்னு சொன்னதும் எனக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு." பின்னால் தையல் எந்திரம் கடகடவென்று ஓடி நின்றது. பள்ளிக்கூடம் திறக்கும் சமயம். அம்மாவுக்கு இன்னும் அறுபது சீருடை தைத்து முடிக்க வேண்டியிருந்தது. "நல்லா இருக்கல்ல கண்ணு?"

"நல்லா இருக்கேம்மா."

அந்தப் பதில் தானாக வந்தது. மூன்று வருடமாக அப்படித்தான் வருகிறது.

அழைப்பு துண்டிக்கப்பட்டதும் பட்டியலைப் பார்த்தாள். நேற்று மாலை ஐந்து பத்து. முப்பத்தொரு நிமிடம். அவள் கைப்பேசியிலிருந்துதான் போயிருந்தது.

நேற்று மாலை ஐந்து பத்துக்கு அவள் இதே கட்டிலில், இதே போர்வைக்குள், வராந்தாவில் யாரோ பினாயில் ஊற்றிக் கழுவும் வாடையும் குளியலறைக் குழாய் சொட்டுகிற சத்தமும் ஒன்றாய்க் கலந்து வர, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். முதல் பரீட்சையில் வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்தவள், மற்ற மூன்றுக்குப் போகவே இல்லை. தூக்கமில்லாத மூளை எதையும் மறக்கும் என்று சொல்லிக்கொண்டாள். முப்பத்தொரு நிமிடத்தையும் மறக்கும். சிரித்ததையும் மறக்கும்.

அறைத்தோழி உள்ளே வந்தாள். விடுதியில் எல்லாருக்கும் அவள் நெட்டை. வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வருகிறவள்.

"அடிப்பாவி, அதுக்குள்ள வந்து படுத்துட்டியா? இப்பதானே மெஸ்ல பாத்தேன். மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டியே! பரிமாறுறவர் மிரண்டே போயிட்டாரு."

"நான் எழுந்திருக்கவே இல்லடி."

"ஆமா, நீல சட்டை மட்டும் தனியா நடந்து வந்துச்சு." நெட்டை சிரித்துக்கொண்டே துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள்.

அவள் எழுந்து அலமாரியைத் திறந்தாள். நீலச் சட்டை மாட்டியில் தொங்கியது. இரண்டு மாதமாக அவள் அதைத் தொட்டதில்லை. கழுத்துப் பட்டையில் விரலை வைத்தாள். ஈரம். இளஞ்சூடு. யாரோ இப்போதுதான் கழற்றி மாட்டிய சட்டையின் வெதுவெதுப்பு.

மறுநாள் காலை பல் துலக்கித் தலை வாரவே அவளுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. பிறகு பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு நடந்தாள். மனநல ஆலோசகரின் அறை கடைசியில் இருந்தது. யாராவது பார்த்தால் பைத்தியம் என்று பேர் வைத்துவிடுவார்கள் என்று பயந்து, ஒரு வருடமாக அந்தக் கதவுவரை போய்ப் போய்த் திரும்பியிருந்தாள். இன்று அதைவிடப் பெரிய பயம் ஒன்று முதுகில் கை வைத்துத் தள்ளியது.

ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "என்னம்மா மறுபடியும்? நேத்துதானே வந்து, மனசு தெளிஞ்சுடுச்சு, இனிமே வர வேண்டியதில்லன்னு எழுதிக் குடுத்துட்டுப் போன?"

அந்த அறைக்குள் ஒருமுறைகூட வந்திராத அவள் பேரில் ஒரு கோப்பு; அதில் அந்தத் தாள் இருந்தது. அவளுடைய கையெழுத்து. அவளுடையதைவிடத் திருத்தமாக.

"மேடம், அது நான் இல்ல."

சொல்லி முடிக்குமுன் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். வெறும் தாள், தூக்கம், சாப்பாடு, சட்டை, அந்த முப்பத்தொரு நிமிடம். ஆலோசகர் தண்ணீர் டம்ளரை அவள் கையில் வைத்து, தன் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"யாரு வந்தாங்கன்றத அப்புறம் பாக்கலாம். ரெண்டு மாசமா நீ தூங்கல, சாப்பிடல. இது தப்பு இல்லம்மா, நோய். காய்ச்சலுக்கு மருந்து இருக்கற மாதிரி இதுக்கும் இருக்கு. வீட்ல பேசலாமா?"

ஒலிபெருக்கியில் அம்மாவிடம் அவளே சொன்னாள். எந்திரம் நின்றது.

"பரீட்சை கிடக்குது விடு," என்றாள் அம்மா. "நீ இருந்தா போதும்டி எனக்கு. காலைல முதல் பஸ்ஸுக்கு வந்துடறேன். எங்கயும் போயிடாத."

அன்று சாயங்காலம் படுத்தவள் அடித்துப் போட்டாற்போலத் தூங்கினாள்.

விழித்தபோது ஜன்னலில் வெயில் ஏறியிருந்தது. நெட்டையின் கட்டில் காலி. வேறு துறை என்பதால் அவளுக்கு இன்னும் பரீட்சை முடியவில்லை. பசித்தது. பசிக்கிறது என்பதே ஆச்சரியமாக இருந்தது. முகம் கழுவப் போகலாமென்று கதவை இழுத்தாள்.

திறக்கவில்லை.

மறுபடி இழுத்தாள். வெளித் தாழ்ப்பாள் இரும்போடு உரசி நகராமல் நின்றது.

அப்போது படிக்கட்டில் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியாக ஏறும் சத்தம். மூன்றாம் மாடி. வராந்தா. அவள் வாயைத் திறக்குமுன் அம்மாவின் குரல் உடைந்து எழுந்தது.

"கண்ணு! எப்படி இளைச்சுட்ட!"

"எங்கம்மா இளைச்சேன்? நல்லா இருக்கேம்மா."

அவளுடைய குரல். கதவுக்கு அந்தப் பக்கம்.

"அம்மா!" என்று கத்தினாள். இரு கைகளாலும் கதவை அடித்தாள். "அம்மா, நான் உள்ள இருக்கேன்! அது நான் இல்ல!"

அம்மாவின் செருப்புச் சத்தம் கதவருகே வந்து நின்றது.

"யாருடி அது?"

"இந்த ரூம் பொண்ணும்மா." குரலில் எவ்வளவு இரக்கம். "அவளுக்கு மனசு சரியில்ல. எல்லாரையும் அம்மான்னு கூப்பிடுவா. கண்டுக்காத."

"அய்யோ பாவம்," என்றாள் அம்மா. "யாரு பெத்த பிள்ளையோ."

அவள் தரையில் விழுந்தாள். கதவுக்கடியில் நான்கு விரற்கடை இடைவெளி. அம்மாவின் வெடித்த குதிகால் தெரிந்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு பாதங்கள். கையை வெளியே நீட்டினாள். அம்மா குனிந்தாள். அந்தச் சொரசொரத்த விரல்கள் அவள் விரல்களைத் தொட்டன. தடவிக்கொடுத்தன.

"அழாதம்மா. உங்கம்மா வருவாங்க."

"நீதாம்மா... நீதான்..."

"கை ஜில்லுன்னு இருக்குடி இவளுக்கு," என்று அம்மா பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். விரல்கள் விலகின.

காலடிகள் நகர்ந்தன. அம்மாவுடையவை. கூடவே இன்னொரு ஜோடி. வராந்தாவின் கோடிவரை. பிறகு படிகளில். ஒரு மாடி. இரண்டு மாடி. எங்கோ கீழே அவளுடைய சிரிப்பு.

வராந்தாவில் யாருமில்லை.

அவள் கையை இழுத்தாள். வரவில்லை.

கதவுக்கு அப்பால், காலியான தரையில், ஐந்து விரல்கள் அவள் மணிக்கட்டைச் சுற்றிப் படிந்திருந்தன. நீலச் சட்டையில் அன்று தொட்ட அதே வெதுவெதுப்பு. அவசரமே இல்லாமல், உச்சந்தலையை வருடுவதுபோல, கட்டைவிரல் அவள் நாடியின் மேல் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருந்தது.