நான்கு காகிதக் கீற்றுகள்

காகிதம் அவளை நோக்கிச் சாய்ந்தது. அது உள்ளே சாயலாம், சும்மா தொங்கலாம். வெளியே சாய வழியே இல்லை.

விஷப்புகையை இழுத்து மொட்டைமாடிக்கு மேலே தள்ளும் கண்ணாடிக் கூடுதான் ஃப்யூம் ஹுட்; அதன் விளிம்பில் டிஷ்யூ காகிதக் கீற்று ஒன்றை ஒட்டினால், காற்று ஒழுங்காக இழுக்கும்வரை கீற்று உள்பக்கமே சாய்ந்து நிற்கும். விடுமுறை நாளின் மதியம், மழைமூட்டத்தில் ஆய்வகம் மங்கிக் கிடந்தது. மேலே மோட்டார் ஒரே சுருதியில் உறுமியது, சுவிட்சில் பச்சை விளக்கு எரிந்தது, துடைத்த மேசையிலிருந்து பிளீச்சிங் வாடையும் அதற்கடியில் எத்தனை முறை துடைத்தும் போகாத அழுகிய முட்டை வாடையும் லேசாக வந்துகொண்டிருந்தன.

பன்னிரண்டு நாளுக்கு முன் இந்த ஹுட்டின் முன்னால்தான் சீனியர் அக்கா விஷப்புகை ஏறிச் செத்துக் கிடந்தார். சுவிட்ச் போட மறந்துவிட்டார், அவருடைய கவனக்குறைவே காரணம் என்று துறைத்தலைவர் அறிக்கை எழுதி முடித்தாயிற்று. முதலில் கதவைத் திறந்து பார்த்தவள் இவள் என்பதால், சாட்சிக் கையெழுத்து மட்டும் இவளுடையது வேண்டும். விளக்கு எரிந்துகொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்றதற்கு, அதிர்ச்சியில் அப்படித்தான் தோன்றும் என்று சொல்லிவிட்டார்.

புகையை இழுக்கும் விசிறியை மோட்டாரோடு இணைக்கும் பெல்ட் அறுந்தாலும் மோட்டார் ஓடும், விளக்கு எரியும், காற்று மட்டும் நகராது. பெல்ட் நைந்துவிட்டது என்று அக்கா மூன்று மாதமாக எழுதிக் கொடுத்தார். விளக்குதான் எரிகிறதே என்று மூன்று மாதமும் திருப்பி அனுப்பியவர் துறைத்தலைவர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இப்போது இவள் கை தேவைப்படுகிறது. கோபம் தாங்காமல்தான் வந்திருந்தாள். ஒரே விசிறியில் ஓடும் நான்கு ஹுட்டிலும் கீற்று ஒட்டி, அவை செத்த வால் மாதிரித் தொங்குவதைப் படம் பிடித்து விசாரணைக் குழுவுக்கு அனுப்பிவிட்டால் போதும்.

ஆனால் கீற்று தொங்கவில்லை. அவளை நோக்கி வந்தது, தயங்கியது, மெதுவாக உள்ளே போனது. மறுபடி வந்தது.

ஜன்னல்களைப் பார்த்தாள். எல்லாம் சாத்தியிருந்தன. தன் மூச்சாக இருக்குமோ என்று வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டாள். கீற்று நிற்கவில்லை. மற்ற மூன்றும் அதனோடு சேர்ந்தே ஆடின. உள்ளே. வெளியே. வெளியே வரும்போதெல்லாம் முகத்தில் வெதுவெதுப்பு பட்டது. கண்ணாடியின் உட்புறம், இவள் தலைக்குச் சற்று மேலே, உள்ளங்கை அளவு ஆவி படிந்து மறைந்தது. அக்கா இவளைவிட உயரம்.

ஓடிவிடலாம். ஓடினால் நாளையிலிருந்து அக்கா கவனம் கெட்டவர். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போன் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

காவலாளி சொல்லித் துறைத்தலைவரே வந்துவிட்டார். யாரைக் கேட்டு உள்ளே வந்தாய் என்று ஆரம்பித்து, படிப்பு பாழாகும், பட்டம் கிடைக்காது என்று அடுக்கினார். அவள் கீற்றைக் காட்டினாள்.

"ஜன்னல் காத்தும்மா அது."

"ஜன்னல் சாத்தியிருக்கு சார்."

"கையெழுத்து போடப்போறியா இல்லையா?"

"போடமாட்டேன். விளக்கு எரிஞ்சுது. அதைத்தான் எழுதுவேன்."

அவர் எட்டிச் சுவிட்சை அணைத்தார். பச்சை போயிற்று. மோட்டார் முனகி அடங்கியது. அறை அமைதியாயிற்று.

கீற்றுகள் உள்ளே போயின. வெளியே வந்தன.

இப்போது சத்தமும் கேட்டது. சளி கட்டிய நெஞ்சுக்குள் காற்று ஏறி இறங்கும் சத்தம். நான்கு ஹுட்டிலிருந்தும். ஒரே நெஞ்சு.

துறைத்தலைவர் கதவுப் பக்கம் நகர்ந்தார். கீற்றுகள் அவர் பக்கம் திரும்பின. அவர் நின்றார். கீற்றுகளும் நின்றன.

"நிறுத்தச் சொல்லும்மா," என்றார்.

அவளுக்கும் பயம். உயிர் போகிற பயம். ஆனாலும் போனை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பிப் பிடித்தாள்.

"சொல்லுங்கக்கா."

நான்கு கீற்றுகளும் உள்ளே போயின. இன்னும் உள்ளே. திரும்பி வரவில்லை. விறைத்து நின்றன, பேசப்போகிறவர் இழுத்துப் பிடித்த மூச்சில்.

பிறகு, மங்கிய கண்ணாடிக்குப் பின்னால், ஒட்டிக் காய்ந்த இரண்டு உதடுகள் பிரிந்தன.