இன்னொரு தடவை கேளுங்க!

வாலுவின் அம்மாவுக்கு மண்ணுக்கு அடியில் நடப்பது காதில் விழும். நம்ப மாட்டீர்கள், ஆனால் உண்மை! நீளமான ஓர் இரும்புக் கம்பியைச் சாலையில் ஊன்றி, மேல்முனையில் காதை வைப்பாள். அடியில் போகும் தண்ணீர்க் குழாயில் ஓட்டை இருந்தால் 'உஸ்' என்று கேட்குமாம். "இங்கே தோண்டுங்க" என்பாள். தோண்டினால் ஓட்டை அங்கேதான் இருக்கும்.

குடிநீர் வாரியத்தில் பல வருடம் இந்த வேலை பார்த்தவள், இன்னும் படிக்க ஆசைப்பட்டு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டாள். அப்பாவால் வேலையை விட்டுவிட்டு வர முடியவில்லை. அதனால் மூன்றாவது மாடிச் சின்ன வீட்டில் அம்மாவும் வாலுவும் மட்டும்தான். குளிரில் மூக்கு சிவக்க, முதுகில் பையோடு வகுப்புக்கு ஓடும் அம்மாவைப் பார்த்தால் வாலுவுக்குப் பெருமை பிடிபடாது. "எங்க அம்மாவும் ஸ்டூடண்ட்தான்!" என்று பள்ளியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

அந்த ஊர் மொழியை இருவரும் ஒருவழியாகப் பேசப் பழகிவிட்டார்கள். அங்கே பேசியதையும் நாம் தமிழிலேயே கேட்டுக்கொள்வோம்.

குடிவந்த புதிதில் கீழ்வீட்டு பஸ் டிரைவர் கதவைத் தட்டினார். "எங்க வீட்டுல ஒரு சோபா சும்மா கிடக்கு. உங்களுக்கு வேணுமா?"

வீட்டில் உட்கார ஒரு முக்காலிகூட இல்லை. ஆனாலும் அம்மா, "ஐயோ, வேண்டாங்க! உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்றாள்.

அவர் "சரி" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். மறுநாள் அந்த சோபா எதிர்வீட்டுக்குள் நுழைவதை இருவரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள்.

"என்ன மனுஷன்! இன்னொரு தடவை கேட்டிருந்தா வாங்கிட்டிருப்பேன்ல?" என்று அம்மா அங்கலாய்த்தாள்.

கொஞ்ச நாளில் பள்ளியில் வாலுவுக்கும் அதே கதி. பக்கத்து இருக்கைத் தோழி ஒரு துண்டு கேக்கை நீட்டினாள். நாக்கில் எச்சில் ஊறியது. இருந்தாலும், "பரவாயில்ல, நீயே சாப்பிடு" என்றாள் வாலு, ரொம்ப மரியாதையாக.

அடுத்த நொடி கேக் முழுவதும் தோழியின் வாய்க்குள்!

"நீ இன்னொரு தடவை கேக்கவே இல்லையே!" என்று வாலு பதறினாள்.

"நீதானே வேணாம்னே? அப்புறமும் கேட்டுட்டே இருந்தா, அது தொந்தரவு இல்லையா?" என்றாள் தோழி, கேக்கை மென்றபடி.

வாலு வாயைப் பிளந்தாள். ஓகோ, இந்த ஊரில் ஒரே ஒரு தடவைதான் கேட்பார்களா!

அன்று மாலை அம்மா தொங்கிப்போன முகத்தோடு வந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"பெரிய கருத்தரங்கு ஒண்ணு நடக்கப் போகுது. பல நாட்டு இன்ஜினியர்கள் வர்றாங்க. மாணவர்கள்ல ஒரே ஒருத்தர்தான் பேசலாம். 'நீங்க பேசுறீங்களா?'ன்னு எங்க பேராசிரியர் கேட்டாங்க."

"அட, சூப்பர்மா!"

"'ஐயோ, நானா? வேண்டாம் மேடம்'னுட்டேன்."

"ஏம்மா?"

"எடுத்த எடுப்புல சரின்னு சொன்னா நல்லாவா இருக்கும்? இன்னொரு தடவை கேப்பாங்கன்னு நின்னேன். அவங்க போயிட்டாங்க. நாளைக்கு வேற யார் பேரையோ குடுத்துடுவாங்க." அம்மாவின் கண்கள் நிறைந்துவிட்டன. "இதுக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தேன்..."

வாலுவுக்குப் பொறுக்கவில்லை. கேக் கதையை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். "இந்த ஊர்ல வேண்டாம்னா வேண்டாம்தாம்மா! அவங்களுக்கு நீ மரியாதைக்குச் சொன்னேன்னு எப்படித் தெரியும்?"

"அப்போ நானே போய்க் கேக்கணுமா? வெக்கமா இருக்குடி."

"நீ பேச வேணாம். கூட வா, போதும்."

காலையில் முதல் வேலையாகப் பேராசிரியரின் அறைக்குப் போனார்கள். அவர் எழுந்து நின்றால் வாலு கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும், அவ்வளவு உயரம். ஆனாலும் வாலு விடவில்லை.

"மேடம், எங்க ஊர்ல முதல்ல சொல்ற 'வேண்டாம்' கணக்குலயே சேராது. அது மரியாதைக்குச் சொல்றது. ரெண்டாவது தடவை கேட்டாத்தான் நிஜமான பதில் வரும். எங்க அம்மாவை இன்னொரு தடவை கேளுங்களேன்!"

பேராசிரியர் கண்களை அகல விரித்தார். "அடடா! அப்போ நேத்து நான் பாதியிலேயே போயிட்டேனா?" என்று அம்மா பக்கம் திரும்பினார். "கருத்தரங்குல நீங்க பேசுறீங்களா?"

"ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிர..."

வாலு அம்மாவின் காலை ஓங்கி ஒரு மிதி மிதித்தாள்.

"ஆ! பேசுறேன் மேடம்! எனக்குப் பேசணும்னு ரொம்ப ஆசை!"

"நல்லவேளை, இன்னும் பேர் அனுப்பல" என்று பேராசிரியர் சிரித்தார்.

கருத்தரங்கு நாளும் வந்தது. அம்மா மேடை ஏறினாள். தன் இரும்புக் கம்பியைக் கையில் எடுத்தாள். புதுக் குழாயில் ஓட்டை விழுந்தால் எப்படிக் கேட்கும், பழைய குழாயில் விழுந்தால் எப்படிக் கேட்கும் என்று அம்மா வாயாலேயே சத்தம் எழுப்பிக் காட்டினாள். பெரிய பெரிய இன்ஜினியர்கள் முன்னால் சாய்ந்து கேட்டார்கள். ஒருவர் குடைந்து குடைந்து கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் அம்மா அசராமல் பதில் சொன்னாள்.

அரங்கமே கைதட்டியது. "அது எங்க அம்மா!" என்று பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாதவரிடம் சொன்னாள் வாலு. சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

பேராசிரியர் வேகமாக வந்து அம்மாவின் கைகளைப் பிடித்துக்கொண்டார். "பிரமாதம்! அடுத்த வருஷமும் நீங்களே..."

"சரி மேடம்!" என்றாள் அம்மா.

"கொஞ்சம் இருங்க!" என்று பேராசிரியர் பதறினார். "நான் இன்னும் ரெண்டாவது தடவை கேக்கவே இல்லையே!"