வாய் திறந்த பருந்து

கடைக்குள் ஓடிவந்த பெண்ணின் இரண்டு கால்களிலும் வேறு வேறு செருப்பு இருந்தது. பழைய படைத்தொப்பிச் சின்னங்களைத் தரம் பார்க்கும் அந்த மனிதரின் மேசைமேல், கைக்குட்டையை அவிழ்த்து ஒரு பித்தளைப் பருந்தையும், கூடவே ஒரு கல்யாணப் புகைப்படத்தையும் வைத்தாள்.

"சீக்கிரம் பாருங்க. அவர் குளிக்கப் போன நேரத்துல தொப்பியிலேர்ந்து கழட்டிட்டு வந்தேன். தெரிஞ்சா என்ன செய்வாரோ!"

"யாரு?"

"அதுதாங்க எனக்குத் தெரியணும்."

எட்டு வருடங்களுக்கு முன் படையிலிருந்து காணாமல்போன அக்கா கணவர் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் போன வாரம் வந்து நின்றான். அக்கா இப்போது உயிரோடில்லை. அக்கா மகளை வளர்ப்பவள் இவள்தான். வீடும் அந்தக் குழந்தையின் பேரில்தான். அக்கா கணவரைக் கல்யாணத்தன்று பார்த்ததோடு சரி. இத்தனை தாடிக்குள் எந்த முகத்தைத் தேடுவது? இன்று மதியப் பேருந்தில் மகளைக் கூட்டிப்போகிறானாம்.

"கல்யாணத்தன்னிக்குத் தொப்பியில இருந்த சின்னம் இதேதானாம். அக்காவுக்கு எழுதின கடுதாசியெல்லாம் வேற வரி வரியா ஒப்பிக்கிறாரு."

"கடுதாசியை உங்க வீட்டுக்கு வந்தப்புறம் பாத்தாரா?"

"வந்த அன்னிக்கே நான்தான் எடுத்துக் கொடுத்தேன்." அவள் தலை குனிந்தது. "தினமும் விடியக்காலையில கோழிக்கு மூஞ்சி கழுவி விடுறேன்னு எழுதியிருப்பாரு. படையில போய்க் கோழி வளக்கிறாரேன்னு அக்கா விழுந்து விழுந்து சிரிப்பா."

தரம் பார்ப்பவர் கையிலிருந்த லென்ஸ் ஒரு கணம் நின்றது. "இந்தச் சின்னத்தை அவர் என்னன்னு சொல்றாரு?"

"பருந்துன்னுதான்."

லென்ஸ் புகைப்படத்தின்மேல் நகர்ந்தது. "போட்டோவுல பருந்து வாயைத் திறந்திருக்கு. இதுல மூடியிருக்கு."

அவருக்கு உதவியாக இருக்கும் தங்கை எட்டிப் பார்த்துத் துள்ளினாள். "அண்ணே, ஆளு மாட்டிக்கிட்டான்! வாய் மூடினது ரெண்டாவது பட்டறை அடிச்சது. முதல் பட்டறையோட அச்சு உடைஞ்ச பிறகுதான் அவங்க அடிக்கவே ஆரம்பிச்சாங்க. அது உடைஞ்சே நாலு வருஷந்தானே ஆகுது!"

"குதிக்காதே. பழசு தொலைஞ்சுது, புதுசு வாங்கினேன், சொல்ல வெக்கமா இருந்துச்சுன்னு சொல்லிட்டா? பொய் சொன்னான்னு ஆகும். ஆளே வேறன்னு ஆகாது." அவர் எழுந்தார். "நீ போய்க் காவலரைக் கூட்டிட்டு அவங்க வீட்டு வாசலுக்கு வா."

வீட்டில் பெட்டி கதவருகே தயாராக இருந்தது. சிறுமி ஒரு காலில் மட்டும் ஷூவோடு உட்கார்ந்திருந்தாள். அவள் தோளில் அவன் கை. சித்தி தரம் பார்ப்பவரோடு உள்ளே நுழைந்தாள்.

"என் பருந்து எங்க?" என்றான் அவன்.

"என்கிட்டதான் சார். சும்மா தரம் பாக்கக் கொண்டாந்தாங்க." தரம் பார்ப்பவர் சாவகாசமாக நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "படையில கோழிக்கெல்லாம் மூஞ்சி கழுவி விட்டீங்களாமே! எத்தனை கோழி சார்?"

அவன் முகம் மலர்ந்தது. "அதையும் சொல்லிட்டாளா? ஏழு சார். சேவல் ஒண்ணு என் தோள்லயே ஏறி உக்காந்துக்கும்."

அவர் பருந்தை மேசைமேல் வைத்தார்.

"அந்தப் படைப்பிரிவுல கோழின்னா இது ஒண்ணுதான் சார். அணிவகுப்புக்கு முன்னாடி இதைத் தேய்ச்சு மினுக்குறதுதான் மூஞ்சி கழுவறது. என்கிட்ட வர்ற பழைய ஆளுங்க ஒருத்தர்கூட இதைப் பருந்துன்னு சொன்னதில்ல. தொப்பியில போட்டுத் தேய்ச்சவனுக்கு இது கோழி. கடையில வாங்கினவனுக்குத்தான் பருந்து."

தோளிலிருந்த கை இறுகியது. சிறுமி சித்தியைப் பார்த்தாள். வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்ட பிறகுதான் அந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

சிறுமி குனிந்து, போட்டிருந்த ஒற்றை ஷூவைக் கழற்றினாள்.