வாசலை மறித்தவன்

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

மழைக்குப் பயந்து ஆய்வகத்துக்குள் ஓடி வந்தவள், வாசலை அடைத்துக்கொண்டு நின்றவன் மேல் மோதிவிட்டு அவனையே கேட்டாள். நியாயம்தானே!

கையிலிருந்த ஐஸ் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி அவன் நிமிர்ந்தான். "தெரியுது மேடம்... ரெண்டு கண்ணும் நல்லாவே தெரியுது."

பார்த்தது அவள் கண்களை. மழை சொட்டும் இமைகள் படபடத்தன.

"பெட்டியில ஒட்டக ரத்தம். கொட்டியிருந்தா நான் மறுபடி அது கால்ல விழணும்."

ஒட்டகப் பண்ணையின் கால்நடை டாக்டராம். அவள் வேலையே அந்த ரத்தத்தை நம்பித்தான் இருந்தது.

அதன் பிறகு வாரம் தவறாமல் வந்தான். வந்தவன் சும்மா போவானா?

"இதை வச்சு அப்படி என்னதான் பண்றீங்க?"

"இதுல நானோபாடின்னு குட்டியூண்டு புரதம் கிடைக்கும். மூளையில ஒரு நரம்பு செரோடோனின்னு ஒரு ரசாயனத்தை வெளியே விட்டு இன்னொரு நரம்புக்குச் சேதி சொல்லும். உடனே ஒரு புரதம் அதைத் திரும்ப உள்ள இழுத்துக்கும். அந்தப் புரதத்தோட வாசல்ல போய் நானோபாடி ஒட்டிக்கிட்டு மறிக்கணும்."

"மறிச்சா?"

"சேதி கொஞ்ச நேரம் நிக்கும்... என்னைக்காவது மனச்சோர்வுக்கு மருந்தாகலாம்."

அவள் பெரிதும் நம்பிய நானோபாடிக்கு ரகசியமாக ஒரு செல்லப்பெயர் உண்டு. ஒட்டகக்காரன். தோழிக்கு மட்டும் தெரியும்.

அந்தப் பெயர்தான் வினையாகிவிட்டது. சோதனை சொதப்பிய எரிச்சலில் ஒருநாள் தோழியிடம் பொரிந்து தள்ளினாள். "ஒட்டகக்காரன் சரிப்பட மாட்டான்டி! சும்மா வந்து நிக்கிறான், ஒட்டவே மாட்டேங்கிறான். கழட்டி விட்டுடலாம்."

திரும்பினால்... வாசலில் அவன். பெட்டியை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அடுத்த வாரம் பெட்டியோடு வந்தது வண்டி ஓட்டுபவர். "டாக்டர் இனிமே வர மாட்டாரும்மா. இங்க அவர் சரிப்பட மாட்டாராம்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. தன் வார்த்தை! போய்ச் சொல்லலாம்தான்... ஆனால் எந்த முகத்தோடு? வீம்பும் வெட்கமும் அவளைப் பிடித்து வைத்தன. வேலையில் தலையைப் புதைத்தபோதுதான் தன் தவறு பிடிபட்டது. புரதம் இருந்த கரைசலில் உப்பு சேர்க்க மறந்திருக்கிறாள். உப்பு இருந்தால்தான் அதன் வாசல் வெளிப்பக்கம் திறக்கும்!

உப்பைச் சேர்த்தாள். ஒட்டகக்காரன் ஒட்டிக்கொண்டான்.

கொட்டும் மழையில் பண்ணைக்கு ஓடினாள். ஒட்டகத்தைத் தடவிக்கொண்டிருந்தவன் திரும்பவே இல்லை.

"கழட்டி விட்டவனைத் தேடி வந்திருக்கீங்க?"

"ஐயோ, அது நீங்க இல்ல! நானோபாடி. அதுக்குத்தான்... ஒட்டகக்காரன்னு பேரு."

"ஏன் அந்தப் பேரு?"

"மொத நாளே வாசலை மறிச்சுக்கிட்டு நின்னீங்களே..."

அவன் மெல்லத் திரும்பினான். கண்களில் கோபம் இல்லை. "இப்போ ஒட்டுறானா?"

"அவன் மேல தப்பில்ல. நான்தான் உப்பு போட மறந்துட்டேன். கதவைச் சாத்தி வச்சுக்கிட்டு வந்து நின்னவனைத் திட்டியிருக்கேன்..." ஓர் அடி முன்னே வந்தாள். "இப்போ எத்தனை தடவை கழுவினாலும் போக மாட்டேங்கிறான்."

"எவன்?"

மழையா, கண்ணீரா... துடைக்கத் தோன்றவில்லை அவளுக்கு.

"ரெண்டு பேரும்தான்."