வெயில் பார்க்காத தோல்

மானுட குலத்துக்கும் மற்றுமுள்ள ஜீவராசிகளுக்கும் ஒரு மகத்தான அறிவிப்பு: பென்னாகரம் சாலையிலிருந்து மேற்கே பிரியும் கல்லுமேட்டில், ஜானகியம்மாள் மகள் பானுமதிக்கு இடது பக்க மூக்கு திரும்பக் கிடைத்துவிட்டது. கோள்கள் இனி கவலையின்றித் தத்தம் பாதையில் சுற்றலாம்.

அறிவிப்பில் ஒன்று விடுபட்டுப்போயிற்று. வெயில் ஏற ஏற அந்த மூக்கு சூடாகிறது. வெயிலே நுழையாத வீட்டுக்குள்.

வெயில் பட்டால் தோல் வெந்து, வெந்த இடம் புள்ளியாகி, புள்ளி புற்றாகும் பரம்பரை நோய் அவளுக்கு. ஜானகியம்மாள் சொந்தத் தாய்மாமனையே கட்டிக்கொண்டவள். நிலம் வெளியே போகாமல் காத்த குடும்பம் நோயையும் வெளியே போகவிடவில்லை. பெயர் தெரியாத காலத்தில் அதைச் சூரிய தோஷம் என்றார்கள். குழந்தையைத் தீர்த்தமலைக்குத் தூக்கிப்போய், உச்சி வெயிலில் தீர்த்தத்தில் நனைத்து, பாறைமேல் உட்காரவைத்துக் காயவைத்தார்கள். தம்பி முனிராஜுக்கும் அதே வைத்தியம்தான். அவன் மீசை முளைக்கும் வயதில் போய்ச் சேர்ந்தான். பானுமதிக்கு அதற்குள் பெங்களூரில் ஒரு மருத்துவமனை கிடைத்ததால் இன்னும் இருந்தாள், வெட்டியது போக மிச்சமாக.

இந்தமுறை மூக்கோரமும் கன்னமும். கட்டியைச் சுற்றியிருந்த தோலோடு சேர்த்து எடுத்துவிட்டு, தொடையிலிருந்து ஒரு துண்டை வெட்டி அங்கே ஒட்டினார்கள். கட்டுப் பிரித்த அன்று டாக்டர் நிர்மலா கண்ணாடியைக் காட்டினார்.

“எவ்வளவு பளிச்சுனு இருக்கு பாருங்க. வெயிலே பார்க்காத தோல்.”

“அப்ப இதுக்கு வெயில் ஒத்துக்குங்களா மேடம்?”

“இதுவும் உங்க தோல்தானே, இதுக்கும் ஆகாது. ஆனா அந்த விஷயம் இதுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.” டாக்டர் சிரித்தார். டாக்டர்கள் சிரிக்கும்போது நாமும் சிரித்துவைக்க வேண்டும். பானுமதி சிரித்துவைத்தாள். தையல் வலித்தது.

ஊர் உறங்கும்போது விழித்து, ஊர் விழிக்கும்போது படுக்கிறவள் அவள். கறுப்புத் தாள் ஒட்டிய ஜன்னல்களுக்கு இந்தப்பக்கம் பகல் என்பது சத்தமும் வாசனையும் மட்டும்தான்: தக்காளித் தோட்டத்து மோட்டாரின் முனகல், ஒகேனக்கல் பஸ் வளைவில் அடிக்கும் ஹாரன், சூட்டில் இளகும் ஒட்டு நாடாவின் கசந்த பசை நெடி, ஓட்டுக்கு மேலே ஏதோ ஒன்று விரல் நீட்டி மெல்ல அழுத்துவதுபோல மரச்சட்டங்கள் முறிக்கும் நெட்டி. யாரும் அவளைத் தேடி வருவதில்லை. வந்தாலும் இருட்டில் என்ன பேசுவதென்று தெரியாமல் செருப்பைத் தேடுவார்கள்.

முதலில் சூடு மட்டும் இருந்தது. பிறகு இழுத்தது. வடக்குச் சுவரைப் பார்த்துப் படுத்தவள், விழித்தபோது கிழக்கே பார்த்திருந்தாள். மறுபடி கண்ணயர்ந்து விழித்தால், கூரையைப் பார்த்து மல்லாந்திருந்தாள். சாயங்காலம் மேற்கு. கழுத்து வலித்தது. யாரோ தாடையைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பியிருந்தார்கள்.

“ஒட்டுன தோலு இழுக்கத்தான் செய்யும்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல கண்ணு?” என்றாள் ஜானகியம்மாள், தோட்ட வேலைக்குத் தூக்குவாளியைக் கழுவிக்கொண்டே. “வூட்டுக்குள்ளயே கெடந்தா எல்லாமே பெருசாத்தான் தெரியும்.”

இந்த நிலைமையில்தான் வார்டு உறுப்பினர் சந்திரமோகன் பாராட்ட வந்தார். பாராட்டுக்கு நம் ஊரில் இன்னும் மருந்து கண்டுபிடிக்கப்படவில்லை. மத்தியான வேளை, கையில் பொன்னாடை, பின்னால் போனைத் தூக்கிப் பிடித்த இரண்டு பேர்.

“யக்கா, பாப்பாவ இப்பிடிக் கதவோரமா நிக்கச் சொல்லுங்க. ‘கதிரவனை வென்ற காரிகை.’ தலைப்பு எப்பிடி?”

“அண்ணா, வெயில் நேரத்துல கதவத் தொறக்கக் கூடாதுங்க.”

“இருட்டுல எடுத்தா திருட்டுக் கேசுல புடிச்ச மாதிரி விழும் பாப்பா. ஒரே ஒரு போட்டோ. சூரியனையே ஜெயிச்சிட்ட, ஒரு நிமிசத்துக்கா பயந்துக்கற?”

ரேஷன் கார்டிலிருந்து தெருக்குழாய் வரை எல்லாவற்றுக்கும் அவர் வாசலில் நின்றே பழகிய ஜானகியம்மாள், கதவைத் திறந்து திரையை விலக்கினாள். பானுமதி துப்பட்டாவை முகத்துக்கு இழுத்தாள். பொன்னாடை போர்த்திய கை அதைப் பிடித்து விலக்கியது. “மூஞ்சி மறையுது பாரு.”

வெயில் விழுந்தது. மற்ற இடமெல்லாம் தீயாய் எரிந்தது. ஒட்டுத்தோல் எரியவில்லை. கன்னத்துக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. பசித்த குழந்தை பால் குடிக்கும்போது தொண்டையில் எழும் சத்தம். அவளுடைய தலை, அவளைக் கேட்காமலே, வாசலை நோக்கித் தாழ்ந்தது.

“என்னா ஒரு பணிவு பாருங்க!” என்றார் சந்திரமோகன்.

அன்றிலிருந்து அது வளர்ந்தது.

இருட்டில் விரலால் தடவித்தான் கண்டுபிடித்தாள். மூக்கோரம் நின்ற தையல் கோடு கண்ணுக்குக் கீழே ஏறியிருந்தது; பின்பு உதட்டோரம் இறங்கியிருந்தது. புள்ளியும் தழும்புமாய்க் கிடந்த பழைய தோல் ஒதுங்கி வழிவிட, அந்த இடத்தில் வழவழவென்று, கதகதவென்று, பிறந்த பிள்ளையின் பாதம்போல ஒன்று வந்து படுத்துக்கொண்டது. மருத்துவமனைக்குப் போன் செய்தாள்.

“வளருதுங்க மேடம்.”

“எது, கட்டியா?”

“இல்லைங்க. நல்ல தோலு.”

“நல்ல தோல்னா வளரட்டும் விடுங்க. வியாழக்கிழமை வாங்க, பார்த்துடலாம். வெயில் மட்டும் படக்கூடாது. இன்னொரு தடவை வெட்டுறதுக்கு அங்க இடமில்லை.”

அதைச் சொல்லியிருக்கவே வேண்டாம். இன்னொரு முறை வெயில் பட்டால் கண்ணும் போகும், பிறகு ஆளும் போகும் என்பது முனிராஜைக் குளிப்பாட்டி அனுப்பியவளுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் வேலையற்ற நேரங்களில் கை அங்கேயே போயிற்று. அவ்வளவு மிருது. அவள் முகத்தை ஆசையாய்த் தொட்டவர் யாருமில்லை. இப்போது தொட ஒன்று இருந்தது. தடவினால் அது லேசாகச் சிலிர்த்தது. ஒருநாள் அதனிடம் பேசினாள். “வெளியில ஒண்ணுமில்ல. வெறும் புழுதிதான்.” அது கேட்டுக்கொண்டது. மேற்கே இழுத்தது.

மறுநாள் விடிவதற்கு முன்பு அம்மாவிடம் சொன்னாள். “வெளியில கொண்டி போட்டுட்டுப் போம்மா.”

“நீ என்ன ஆடா, மாடா, பட்டியில அடைக்க?”

“போடும்மா.”

முன்கதவிலும் பின்கதவிலும் கொண்டி விழுந்தது. அம்மாவின் செருப்புச் சத்தம் தேய்ந்தது. அன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு; காலையிலேயே கரண்ட் போய்விட, மின்விசிறி ஒரு பெருமூச்சோடு நின்றது. துப்பட்டாவால் மணிக்கட்டைக் கட்டில் காலோடு முடிந்துகொண்டு படுத்தாள். புழுக்கம். பசை நெடி. மோட்டாரும் ஓடாததால் ஊரே மூச்சை அடக்கிக் காத்திருப்பதுபோல ஓர் அமைதி. அதற்குள்ளே, காதுக்கு மிக அருகில், தொண்டை விழுங்கும் சத்தம்.

விழித்தபோது நின்றுகொண்டிருந்தாள்.

பின்கதவு. மூக்கு பலகையில் இடித்தது. மணிக்கட்டில் அவிழ்ந்த துப்பட்டா. நகக்கண்ணில் பசை. கதவுப் பலகையில் ஆணி கழன்ற ஓட்டை ஒன்று உண்டு. மெழுகு வைத்து, மேலே நாடா ஒட்டியிருந்தது. நாடா தரையில் கிடந்தது. மெழுகும்.

ஊசியாய் ஒரு வெயில்.

பின்னால் போக நினைத்தாள். கால்கள் போயின. முகம் வரவில்லை.

கன்னம் ஓட்டையைக் கவ்வியிருந்தது. இரண்டு கையாலும் கதவைத் தள்ளினாள். இழுபட்டது. நீண்டது. ஈரத்துணியைப் பிழிவதுபோல ஒரு முறுக்கல். வலிக்கவில்லை. அதுதான் பயமாயிருந்தது. தையல் ஒவ்வொன்றாய். டக். டக். ஓட்டை வழியாக ஏதோ ஒழுகிப் போனது. அவசரமில்லாமல். முழுவதுமாக.

பின்னால் விழுந்தாள்.

இருட்டு. கை முகத்துக்குப் போயிற்று. விரல்கள் நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவில்லை. உள்ளே போயின. ஈரம்.

நிமிர்ந்து பார்த்தாள். ஓட்டை வழியாக வெயில் வரவில்லை. வெளியே அதை ஒன்று மூடியிருந்தது. டார்ச்சை உள்ளங்கையால் பொத்தினால் தெரியுமே, அந்தச் சிவப்பு. சிவப்புக்குள் மெல்லிய நரம்புகள். பலகைக்கு அந்தப்புறம் அது வெயிலைப் பார்த்து விரிந்து கிடந்தது. உப்பியது, தாழ்ந்தது. உப்பியது. அவள் மூச்சோடு அல்ல. தன் மூச்சோடு.

“உள்ள வந்துடு” என்றாள். மூக்கில்லாத குரல் காற்றாய்ப் போயிற்று. தவழ்ந்துபோய் ஓட்டையருகே வாயை வைத்தாள். “உனக்கும் ஆகாது. வந்துடு சாமி.”

அது மேற்கே திரும்பியது.

ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது.