பதினேழாம் நம்பர் இன்னும் கீழே

மூன்றாவது சர்வரில் ஓர் இயந்திரம் கூடுதலாக இருந்தது. உதய் விரல் வைத்து எண்ணினான். மூன்று இருக்கவேண்டிய இடத்தில் நான்கு.

ஊரிகத்தில் மூடிப்போன தங்கச் சுரங்கத்தில், கீழே இறங்குகிறவர்களுக்கு விளக்கு கொடுத்த பழைய விளக்கறையை வாடகைக்குப் பிடித்து, கம்பெனி தன் மூன்று சர்வர்களையும் அங்கே குடிவைத்திருந்தது. ஒவ்வொரு சர்வரும் ஒரு லைன் வீடு மாதிரி. ஒரே கூரைக்கடியில் மூன்று மெய்நிகர் இயந்திரங்கள் மெமரியைப் பங்குபோட்டுக்கொண்டு, சண்டைபோட்டுக்கொண்டு குடித்தனம் நடத்தும். அவற்றை நடத்தும் மென்பொருளுக்கு இலவச உரிமம்தான். அதனால் மூன்றையும் ஓரிடத்திலிருந்து ஆள முடியாது. ஒருவருக்கு அனுமதி தர வேண்டுமென்றால் மூன்று வாசலுக்கும் தனித்தனியாகப் போய்த் தர வேண்டும். எல்லோரும் ஒரே கடவுச்சொல்லோடு நுழைந்து ஒருவர் வேலையை ஒருவர் அழித்துத் தொலைத்த பிறகு, மேலாளர் நாகேஷ் தன் அப்பா காலத்துச் சுரங்க வழக்கத்தைக் கொண்டுவந்தார். வராந்தாவில் ஆணி அடித்த பலகை. ஆளுக்கொரு பித்தளை டோக்கன், விளக்கறையில் கிடந்த பழைய சுரங்க நம்பர்களோடு. உள்ளே போகிறவன் எடுத்துக்கொண்டு போக வேண்டும், வெளியே வந்ததும் மாட்ட வேண்டும். ஆணி காலி என்றால் ஆள் இன்னும் கீழே. பெரிய உரிமம் பார்க்கவேண்டிய வேலையை ஆறு ஆணிகள் சம்பளமில்லாமல் பார்த்துவந்தன.

கூடுதல் இயந்திரத்தின் பெயர் '17'. உதயின் டோக்கன் நம்பர். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து பத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை அவன் பங்காருப்பேட்டை ரயிலைப் பிடிக்க ஓடியிருந்தான். டோக்கனை மாட்டவில்லை. இரண்டு நாளாக அது சட்டைப் பையிலேயே கிடந்தது. இப்போது தொட்டுப் பார்த்தான். சுட்டது.

நாகேஷை அழைத்தான்.

"இன்னாபா உதய், ஞாயித்துக்கிழமை கூட நிம்மதியா கறி வாங்க வுடமாட்டியா?"

"சார், மூணாவதுல பதினேழுன்னு ஒரு மிஷின் ஓடுது. நீங்க போட்டதா?"

"பதினேழு உன் நம்பருதானே?"

"நான் போடலை சார். மெமரி மொத்தத்தையும் முழுங்குது."

"அப்ப நிறுத்திட்டு வூட்டுக்குப் போ. இதுக்கும் லைசன்ஸ் வாங்கணும்னு ஆரம்பிக்காத, குரு. எலும்பு அதிகமா போடறான் இவன், வை."

உதய் நிறுத்தினான். இரண்டு நொடியில் '17' எழுந்துகொண்டது. முன்பைவிடப் பெரிதாக. அதற்கு இடம்விட்டு, பக்கத்துக் குடித்தனம் ஒன்று அணைந்தது. கதவுப் பூட்டை நடத்தும் இயந்திரம் அது.

அட்டையைத் தேய்த்தான். கதவு அசையவில்லை. ஒரு மணிக்குள் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாக மனைவி இந்துவிடம் சொல்லியிருந்தான், மணி பன்னிரண்டரை. வெளியே வெயில் அடித்துக்கொண்டிருக்க, இங்கே ஏசி ஒரு தடவை இருமி அடங்கியது. தரையிலிருந்து சூடு கிளம்பியது. ஈரப் பாறையும் வெடிமருந்தும் கலந்த வாசம், பல வருஷமாக யாரும் மூச்சுவிடாத காற்றின் வாசம், கேபிள் ஓட்டைகள் வழியாக மெல்ல மெல்ல ஏறி வந்தது.

கதவு இயந்திரத்தை எழுப்ப முயன்றான்.

'இதற்கு உங்களுக்கு அனுமதி இல்லை.'

முதல் சர்வருக்குப் போனான். அவன் பெயருக்கு எதிரே: 'பார்க்க மட்டும்'. இரண்டாவதிலும் அதே. மூன்றாவதில் அவன் பெயரே இல்லை. அந்த இடத்தில் '17', முழு அனுமதியோடு. மூன்று வாசலுக்கும் யாரோ பொறுமையாகப் போய் வந்திருந்தார்கள்.

திரையில் புதிதாக ஒரு வரி.

'ஒரே எண்ணில் இரண்டு இயங்குகின்றன. இந்த உரிமத்தில் ஒன்றுக்கே இடம்.'

இந்துவை அழைத்தான்.

"இந்து, நான் உள்ள மாட்டிக்கினேன். உடனே நாகேஷ் சாருக்கு..."

"யாருங்க?"

"நான்தான். உதய்."

தட்டில் கரண்டி படும் சத்தம். அவள் சிரித்தாள். "இன்னா வெளையாட்டு இது? இங்க குந்திக்கினு சாப்புட்றீங்க, அங்கேருந்து யாரை வுட்டுப் பேசச் சொல்றீங்க?"

"இந்து, அது நான் இல்ல. வெளிய வா. வூட்டை வுட்டு வெளிய வா!"

"ஏங்க, பிரெண்டுகிட்ட நீங்களே சொல்லுங்க." போன் கை மாறியது.

மூச்சு. பிறகு அவன் குரல். அவனுடைய குரலேதான், தூசி படிந்து.

"டோக்கனை மாட்டிட்டேன்."

சட்டைப் பையைத் தடவினான். காலி.

கதவுக்கு ஓடினான். ஒரு சாண் அகலக் கண்ணாடி. அதன் வழியே வராந்தா, வெயில், ஆணிப்பலகை. ஆறு ஆணியிலும் டோக்கன். பதினேழு மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

பலகைக் கணக்கில் எல்லோரும் மேலே வந்தாயிற்று.

யுபிஎஸ் மணி அடித்தது. ஒன்று. இரண்டு. மூன்று. சுரங்கத்தில் மணி மூன்று தடவை அடித்தால், ஆளை இறக்கும் கூண்டில், கேஜில், ஆள் ஏறியாயிற்று என்று அர்த்தம்.

தரை குலுங்கியது.

கண்ணாடிக்கு வெளியே பலகை மேலே ஏறியது. பிறகு சுவர். பிறகு வராந்தாத் தரை, அவன் நெஞ்சுக்கு. கழுத்துக்கு. கண்ணுக்கு. வெயில் ஒரு கோடாக மெலிந்தது.

பிறகு பாறை. ஈரமான பாறை, கண்ணாடியை உரசி, மேலே, மேலே.

பாறையில் உள்ளங்கைத் தடங்கள். எல்லாம் மேல்நோக்கி.